ஏழாம் கேள்வி

மே 29

அன்புடையீர்,

இம்மாதம் பதினெட்டாம் தேதி முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய அந்த மலையின் உச்சியில் தாங்கள் நின்றதாக நம் மலையேற்றச் சங்கத்துக்குச் செய்தி வந்திருக்கிறது. அதை உச்சிப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். கேள்விகள் ஒன்பது. ஒன்றையும் விடாமல் விடை எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டுப் போவதும், 'மேலே சொன்னபடி' என்று எழுதுவதும் விடையாகக் கொள்ளப்படமாட்டா. உச்சியில் எடுத்த புகைப்படத்தின் அச்சுப் பிரதி ஒன்றும் வேண்டும். உள்ளங்கையைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

நிரப்பிய படிவம் ஜூன் இருபத்தைந்துக்குள் என் மேசைக்கு வந்து சேர வேண்டும். முப்பதாம் தேதி ஆண்டுக் கூட்டத்தில் பதிவேடு வாசிக்கப்படும். பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர் பணிக்கான நேர்காணல் ஜூலை நான்காம் தேதி என்பதும், பதிவேட்டில் ஓர் உச்சியாவது இல்லாதவரை அவர்கள் உள்ளே அழைப்பதில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே.

தாங்கள் என் அக்காவின் மகள். ஆகவே முடிவெடுக்கும் மூவரில் ஒருவனாக நான் அமர இயலாது, விதி பதினொன்று. தாள்களைத் திரட்டுவதும் கேள்வி கேட்பதும் மட்டுமே என் பங்கு.

இடது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டதாக அக்கா சொன்னார். வருந்துகிறேன். பாதத்தை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருப்பது நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்


ஜூன் 3

மாமாவுக்கு,

'அன்புடையீர்' என்பதைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துச் செவிலியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்து, "உன் பேருதாம்மா போட்டிருக்கு. யாரு இவரு, கோர்ட்டா?" என்றார். எங்கள் மாமா என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை.

போனில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் பேச்சைக் கோப்பில் நூல் கோத்துக் கட்ட முடியாதே.

இங்கே எட்டுப் படுக்கைகள். என்னுடையது ஜன்னல் ஓரம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள், ஆகவே பாதம் தாங்கள் விதித்தபடியே இருக்கிறது. இல்லாத விரல்கள்தான் அரிக்கின்றன. சொறிவதற்கு இடம் தேடிக் கை போய்விட்டுத் திரும்பி வருகிறது. பகலெல்லாம் தூங்குகிறேன். தூங்கி எழுந்தால் தூங்கியதே களைப்பாக இருக்கிறது.

பிப்ரவரியில் தேர்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த விண்ணப்பதாரருக்கு ஏழாயிரம் மீட்டரில் இன்னும் ஒரு பருவம் பழக்கம் தேவை" என்று சொன்னீர்கள். விண்ணப்பதாரர். நான் வேறொரு குழுவில் சேர்ந்து கிளம்பினேன். ரயில் நிலையத்துக்குக்கூட நீங்கள் வரவில்லை. பையின் எடை இருபத்திரண்டு கிலோ. அந்த ஒரு சொல்லையும் சேர்த்தால் முப்பது. அதையும் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். ஆகவே இந்தப் படிவத்தை நிரப்பும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

படம் இத்துடன் இருக்கிறது. எடுத்தவன் நெட்டை. கயிற்றில் எனக்குப் பின்னால் கட்டியிருந்தவன். இருவரும்தான் கடைசி முகாமிலிருந்து மேலே போனோம். அவனுக்கு மூக்கு நுனி கறுத்ததோடு சரி, போன வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேர்காணலுக்கு ஊன்றுகோலோடு போகலாமா என்று பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். பதிவேட்டில் பேர் இருந்தால் தவழ்ந்துகூட வரலாம் என்று பதில் வந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும், மாமா. இந்தக் காலை வைத்துக்கொண்டு இனி மேலே போக முடியுமா என்று மருத்துவர் சொல்ல மாட்டேன் என்கிறார். மலைக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு மிச்சமிருக்கிற வழி அதுதான்.

மருமகள்


ஜூன் 8

அன்புடையீர்,

படிவமும் படமும் கிடைத்தன. எட்டு விடைகள் ஒழுங்காக இருக்கின்றன. ஏழாம் கேள்விக்கு நேரே எதுவும் இல்லை. மறதியாக இருக்கக்கூடும் என்பதால் கேள்வியை இங்கே மீண்டும் எழுதுகிறேன்: 'நீங்கள் நின்ற இடத்திலிருந்து மேலே செல்ல இடம் இருந்ததா?'

இக்கேள்வியின் காரணம் தங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அந்த மலைக்கு முன்னுச்சி ஒன்று உண்டு. கீழிருந்து வருபவர்களுக்கு அதுவே முடிவுபோலத் தோன்றும். உண்மையான உச்சி அதற்கு அப்பால் பதினான்கு மீட்டர் உயரத்தில், பனிமுகட்டின் வழியாக நாற்பது நிமிட நடையில் இருக்கிறது. இதைக் காட்டும் அளவைப் படம் வெளிவந்த பிறகு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை நானே எழுதிச் சேர்த்தேன்.

தங்கள் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேகம் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஓரிடத்தில் விலகியிருக்கிறது. விலகிய இடத்தில், தங்கள் வலது தோளுக்கு மேலே, வெண்மையில் ஒரு கோடு சரிவாக உயர்ந்து செல்கிறது. மேகத்துக்கு அப்படி ஒரு விளிம்பு இராது. தங்கள் முகம் கேமராவை நோக்கி இருப்பதால் தாங்கள் அதைக் காணவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நெட்டை என்று தாங்கள் குறிப்பிடும் தோழரின் படிவமும் வந்துவிட்டது. ஏழாம் கேள்விக்கு அவர் எழுதியிருப்பது: 'கயிற்றின் முன்முனையில் இருந்தவர் இதுதான் உச்சி என்றார். ஏற்றுக்கொண்டேன்.' இதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

ஆகவே தங்கள் விடை தேவைப்படுகிறது. அக்கா வீட்டில் நாற்காலிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆண்டுக் கூட்டம் முடிந்த மறுநாள் தங்கள் பாராட்டு விருந்துக்கு நூற்றைம்பது பேருக்கு அழைப்பு. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மாமா என்று விளிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இக்கடிதங்கள் கோப்பில் சேரும் என்பதை நினைவில் கொள்ளவும்.

செயலாளர்


ஜூன் 12

மாமா,

இதையும் கோப்பில் கட்டுங்கள்.

ஏழாம் கேள்விக்கு நான் விடை எழுதாததற்குக் காரணம், அந்த விடை எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், அதே மலையுச்சியில் எடுத்த உங்கள் படமாக மாட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் நடை பழகினேன். உங்களுக்கு அதில் இருபத்துநான்கு வயது. தாடியில் பனி. வலது கையை ஒரு கறுப்புப் பாறைமேல் ஊன்றியிருக்கிறீர்கள். பாறைக்குக் குறுக்கே, யாரோ சாக்பீஸால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடிமேல் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவி அழுக்காக்கி அம்மாவிடம் எத்தனை தரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில், எல்லாவற்றையும்விட உயரமான இடம் எது என்று ஆசிரியை கேட்டபோது 'எங்க மாமா பாறை' என்று சொன்னவள் நான்.

அன்று எட்டு மணிக்கே மேகம் மூடிவிட்டது. குனிந்தால் என் பூட்ஸ் தெரியவில்லை. ஓர் அடி வைத்தால் ஆறு மூச்சு. பிறகு ஓர் அடிக்கு ஒன்பது மூச்சு. எண்ணுவதே ஒரு வேலையாகி, அதுவும் விட்டுப்போயிற்று. அப்போது எதிரே கறுப்பாக ஏதோ நின்றது. பனியைக் கையுறையால் துடைத்தேன். வெள்ளைக் கோடு. நீங்கள் கை வைத்த இடத்தில் கை வைத்தேன். அழுதேன். கண்ணீர் உறைந்து இமை ஒட்டிக்கொண்டது. நெட்டைதான் மூச்சை ஊதிப் பிரித்துவிட்டான். 'எங்க மாமா பாறை இதுதான். இதுக்கு மேல ஒண்ணுமில்ல' என்று அவனிடம் சொன்னேன். நம்பாமலிருக்க அவனுக்கு என்ன காரணம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடியை மறக்காதீர்கள். நீங்கள் நின்றது உச்சி என்றால் நான் நின்றதும் உச்சி. நான் நின்றது உச்சி இல்லை என்றால், என் பேரை அடிக்கிற அதே பேனாவால் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எழுதின ஒரு பேரையும் அடிக்க வேண்டியிருக்கும். அடிப்பீர்களா? யோசித்துப் பதில் எழுதுங்கள்.

மருமகள்


ஜூன் 17

அன்புள்ள மருமகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் வாடகை நாற்காலிகளின் மாதிரி ஒன்று நடுவில் கிடந்தது. அக்கா அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் கண்ணாடியைத் துடைக்க வந்ததாகச் சொன்னேன். கையில் துணியும் கொண்டுபோயிருந்தேன்.

"இருபத்தாறு வருஷமா தொடைக்காத கண்ணாடிய இன்னைக்குத் தொடைக்க வந்துட்டியா? யார்கிட்ட கதை விடுற?" என்றார்.

படத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் பழைய நிறத்தில், புதிதாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு படங்களையும் வைத்தேன். கோட்டின் இடது முனையில் பாறை சிறிது உடைந்திருக்கிறது, இரண்டிலும் உடைந்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே பல்வரிசைபோல மூன்று சிறு கற்கள், இரண்டிலும் மூன்று. வேறுபாடு ஒன்றுதான். என் முதுகுக்குப் பின்னால் முழுவதும் மேகம். உன் முதுகுக்குப் பின்னால் மேகம் விலகியிருக்கிறது. விலகிய இடத்தில் மலை மேலே போகிறது.

அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னடா, எதைப் பாத்து இப்படி இடிஞ்சு போய் உக்காந்துட்ட?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எவ்வளவு பாக்கி?" என்றார்.

"பதினாலு மீட்டர்."

"நம்ம தெருமுனைத் தண்ணித் தொட்டி அதைவிட உசரம்டா."

"ஆமா."

"அதுக்கா எம்பொண்ணு மூணு வெரலைக் குடுத்தா?"

படத்தைத் திரும்ப மாட்டப் போனபோது, வேண்டாம், மேசையிலேயே இருக்கட்டும் என்றார். நாற்காலிகளை வேண்டாமென்று சொல்லவும் மறுத்துவிட்டார். வருகிறவர்கள் எப்படியும் எங்காவது உட்காரத்தானே வேண்டும் என்கிறார்.

அன்று எங்களிடம் அளவைப் படம் கிடையாது. என் கயிற்றுத் தோழர் எனக்கு முன்னால் பாறையைத் தொட்டார், இருவரும் கட்டிக்கொண்டோம், ஏழு நிமிடத்தில் இறங்கத் தொடங்கினோம். முன்னுச்சி ஒன்று உண்டு என்று பின்னாளில் தெரிந்தபோதும், அது மற்றவர்களுக்கு ஏற்படும் தவறு என்றே நினைத்தேன். கேள்வியை எழுதியபோதுகூட என் படம் நினைவுக்கு வரவில்லை. என்னுடைய ஏற்றத்தின்போது படிவமே கிடையாது. ஆகவே அந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் கேட்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூகோள ஆசிரியரிடம். "மேகம் சார், ஒண்ணுமே தெரியல" என்றார் அவர். தெரியாதது விடையாகாது என்று எழுதி, அவருடைய பெயரைச் சேர்க்க மறுத்தேன். அதன்பின் அவர் சங்கத்துக்கு வந்ததில்லை. நேற்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்து எழுத வேண்டியிருந்தது.

உன் கடிதத்தில் இருந்தது மிரட்டலா என்று எனக்குத் தெளிவாகவில்லை. மிரட்டல் என்றாலும் நியாயமானதே. நீ கேட்ட கேள்விக்குப் பதில்: அடிப்பேன். என் படிவத்தை நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் கேள்விக்கு 'இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். சாட்சிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. என் தோழர் மறு ஆண்டே வேறொரு மலையில் இறந்துபோனார். உடன் சென்றவர் உயிரோடு இல்லாவிட்டால், அதே இடத்தில் நின்ற வேறொருவர் கையெழுத்திடலாம், விதி பதினான்கு. எனக்குத் தெரிந்து அப்படிப்பட்டவர் நீ ஒருத்திதான். பதிவேட்டை இந்த ஆண்டு நான் வாசிக்கப்போவதில்லை, பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். அறியாமல் முன்னுச்சியில் நின்றவர்களுக்கென்று பதிவேட்டில் தனிப் பகுதி வேண்டும் எனக் குழுவுக்கு எழுதினேன். மேகத்தால் காண இயலவில்லை என்று எழுதித் தருபவர்கள் அதில் இடம்பெறலாம். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிப் பள்ளியிலும் கேட்டேன். அந்தப் பகுதியில் பெயர் இருந்தால் நேர்காணலுக்கு அழைப்பார்கள். நீ கேமராவை நோக்கி நின்றாய். பின்னால் இருந்ததை நீ காணவில்லை. ஏழாம் கேள்விக்கு நேரே 'மேகத்தால் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பு. போதும்.

பிப்ரவரியில் 'விண்ணப்பதாரர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'என் மருமகள்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குரல் ஒரு நிலையில் நிற்காது என்று பயந்தேன். ரயில் நிலையத்துக்கு வந்தேன். மூன்றாம் நடைமேடையில் நின்றேன். உன் ரயில் ஐந்தில்.

மாமா


ஜூன் 21

மாமா,

மூன்றாம் நடைமேடையா? நேரம், தேதி, ரயில் எண் எல்லாம் சரிபார்த்திருப்பீர்கள், நடைமேடையை மட்டும் போன வருஷ அட்டவணையில் பார்த்தீர்களா? இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். தையல் இழுத்து வலித்தது. செவிலி வந்து, "என்ன, கோர்ட்டு விடுதலை பண்ணிட்டாங்களா?" என்றார். ஆமாம், பண்ணிவிட்டார்கள் என்றேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று.

போன கடிதம் மிரட்டல்தான். நீங்கள் பயப்படுவீர்கள் என்று நினைத்தேன். பயந்து, ஏழாம் கேள்வியை இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்களை எனக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

இப்போது விடையை எழுதுகிறேன். படம் எடுக்கிறபோது என் முகம் கேமரா பக்கம்தான் இருந்தது. எடுத்துவிட்டு நெட்டை கேமராவை இறக்கினான். இறக்கியவன் அப்படியே நின்றான். "பின்னாடி பாரு. இன்னும் இருக்கு" என்றான். நான் திரும்பினேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் திறந்திருந்தது. முகடு, அதன் மேலே இன்னொரு முகடு, அதற்கு மேலே வானம். நன்றாகத் தெரிந்தது. மூடிவிட்டது.

"அது மேகம்" என்று அவனிடம் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் தெம்பு இருந்தது. போயிருப்பான். கயிற்றின் முன்முனையில் நான் இருந்தேன், நான் சொன்னால் அது முடிவு. கீழே இறங்குகிறபோதும் சரி, இங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு வாரம் படுத்திருந்தபோதும் சரி, அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் உங்களுக்கு எழுதி அனுப்பியதைப் படித்தபோதுதான், கேட்காமலேயே எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான் என்று புரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு மாதமாகக் கட்டிலில் படுத்து யோசிக்கிறேன். அது மலைதான் என்று ஒப்புக்கொண்டால், வீட்டில் மாட்டியிருக்கிற படம் என்ன ஆகும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது நிஜம். இன்னும் நாற்பது நிமிடம் நடக்க என்னால் ஆகாது என்று தோன்றியதும் நிஜம். உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று எழுத ரொம்ப ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையே போதும், அப்படி இருக்காது என்று தெரிந்துகொள்ள. எனக்குக் களைப்பாக இருந்தது, மாமா. அவ்வளவுதான். உட்கார வேண்டும்போல இருந்தது.

ஆகவே அந்தப் புதிய பகுதியில் நெட்டையைப் போடுங்கள், மேகம் என்று அவனை நம்பவைத்தது நான். அந்தப் பூகோள ஆசிரியரைப் போடுங்கள். உங்களைப் போடச் சொல்லுங்கள். என்னைப் போடக் கூடாது. என் படிவத்தில் ஏழாம் கேள்விக்கு நேரே 'இருந்தது; பார்த்தேன்' என்று எழுதிவிட்டேன். நேர்காணலுக்கு வரவில்லை என்று பள்ளிக்கு எழுதி அதே தபாலில் போடுகிறேன். நெட்டைக்கு எழுத வேண்டிய கடிதம் இன்னும் தொடங்கவில்லை. நான்கு தடவை கிழிக்கலாம் என்று நீங்கள் சொன்னது ஒரு ஆறுதல்.

அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். நாற்காலிகள் இருக்கட்டும். நானும் எங்காவது உட்காரத்தானே வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி விடுவிக்கிறார்கள். முப்பதாம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு ரயில் வந்து சேரும். ஐந்தாம் நடைமேடை. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாட்சிக் கட்டத்தில் நான்கு வரிக்குத்தான் இடம் இருந்தது. எழுதியது சரியா என்று கோப்பில் கட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்:

'இவர் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.
அங்கிருந்து மேலே செல்ல இடம் இருந்தது.
இவருக்கு மேகம் கடைசிவரை மூடியிருந்தது.
எனக்கு ஒரு தரம் திறந்தது.'

மருமகள்